கஞ்சி இறங்கியது, சர்பத் இறங்கவில்லை

இதைப் படிக்கிற பிள்ளைகள் முதலில் ஒரு வாய் எச்சிலை விழுங்கிப் பாருங்கள். விழுங்கியாயிற்றா? சரி. இப்போது அதைப் பாதி வழியில் நிறுத்துங்கள் என்று நான் சொன்னால் உங்களால் முடியுமா? முடியாது. தொண்டையைத் தாண்டுகிற வரைக்கும்தான் அது உங்கள் காரியம். அதற்குக் கீழே எல்லாம் நரம்பின் காரியம்.

சின்ன வயதில் நான் உணவுக்குழாயைத் தகரக் குழாய் மாதிரி நினைத்திருந்தேன். மேலே போட்டால் கீழே விழும், அவ்வளவுதான் என்று. அப்படி இல்லை. கம்பத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தண்ணீர் குடித்துக் காட்டுகிற வித்தைக்காரனை நீங்கள் வேலூர்க் கோட்டை மைதானத்தில் பார்த்திருப்பீர்கள். அவன் குடித்த தண்ணீர் மேல்நோக்கி ஏறித்தான் வயிற்றுக்குப் போகிறது. ஏற்றி விடுவது யார்? தோல் பதனிடுகிற டேனரியில் ஊறின தோலை ஒரு குழியிலிருந்து இன்னொரு குழிக்கு மாற்றும்போது ஆட்கள் வரிசையாக நின்று கைக்குக் கை கொடுப்பார்கள். உணவுக்குழாயும் அப்படித்தான். மேல் வளையம் சுருங்கிக் கீழ் வளையத்துக்குக் கொடுக்கும், அது அதற்குக் கீழே உள்ளதற்குக் கொடுக்கும். வயிற்றுக்குப் போகிற இடத்தில் ஒரு வாசல் மூடியே இருக்கும். கவளம் வரப்போகிறது என்று நரம்பு தகவல் கொடுத்தவுடன் திறந்து வழி விட்டு மறுபடி மூடிக்கொள்ளும்.

நரம்பு கெட்டால் இந்த வரிசை குலைந்துவிடும். தொண்டை அடைப்பான் காய்ச்சல் வந்து பிழைத்த பிள்ளை பால் குடித்தால் மூக்கு வழியாக வருமே, அது மேலே உள்ள நரம்பு சோர்ந்து போனதால். வெறிநாய் கடித்தவர் தண்ணீரைக் கண்டாலே தொண்டை இழுத்துக்கொள்கிறதே, அதுவும் நரம்புதான். நான் சொல்லப் போவது மூன்றாவது வகை. கீழ் வாசலில் இருக்கிற நரம்புகள் செத்துப்போய், வாசல் திறக்க மறந்துவிடுகிற நோய்.

என் மூத்த மகள் நர்ஸ் படிப்பில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. சின்னவன் கம்பவுண்டர் பரீட்சைக்குப் படிக்கிறான். "முப்பது வருஷம் வேல பாத்தீங்களே அப்பா, எங்களுக்கும் எங்களோட சேந்தவங்களுக்கும் உபயோகமா எதாச்சும் எழுதுங்க" என்று இரண்டு பேரும் கேட்டார்கள். நான் எட்டாவது வரை படித்தவன். மருந்து கலக்கும் விதம் உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது, நான் எழுதத் தேவையில்லை. புத்தகத்தில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன். என் கையால் எழுதின ஒரே ஒரு வரியால் ஒரு மனிதர் வாயால் சாப்பிடுகிற பாக்கியத்தையே இழக்கப் பார்த்தார். அந்த வரி தப்பு என்று நானே போய்ச் சொன்னேன். என் வேலைக்காலத்தில் நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்கிற காரியம் அதுதான்.

முப்பதுகள் பிறப்பதற்குக் கொஞ்சம் முந்திய காலம். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டராக இருந்தேன். அங்கே இருந்த சர்ஜனை எல்லோரும் பெரிய டாக்டர் என்று சொல்வோம். தெற்கத்திக்காரர். கெட்டிக்காரர். ஆனால் அவருக்கு உருதும் தெரியாது, தோல் தொழிலும் தெரியாது. நானோ ஆம்பூர் டேனரியில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்தவரின் பிள்ளை, இரண்டும் தெரியும். ஆகவே ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கமிருந்து நோயாளி வந்தால், "கம்பவுண்டர், நீ போய் விசாரிச்சு எழுதிட்டு வா" என்பார். மருந்தறையை விட்டுக் கையில் காகிதமும் பென்சிலுமாக வார்டுக்குள் நடக்கும்போது எனக்குள் ஒரு மிதப்பு இருந்தது உண்மைதான். அந்த மிதப்புதான் தப்புக்குக் காரணம்.

கபூர் பாய் வந்தது நோன்பு மாதத்தில். வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். நல்ல உயரம், ஆனால் சட்டைக்குள் ஆளே இல்லை. இடுப்பு பெல்ட்டில் புதிது புதிதாக ஓட்டை போட்டு, அது இப்போது ஒன்றரைச் சுற்றுச் சுற்றியிருந்தது. கூட அவர் மனைவி மைமூனும், மைமூனின் அண்ணன் சலீமும் வந்திருந்தார்கள். இரண்டு வருஷமாகச் சாப்பாடு நெஞ்சில் நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரத்தில் அப்படியே திரும்பி வந்துவிடுகிறது. இதுதான் நோவு.

கபூர் பாய் பேசவில்லை. பேசினால் எதுக்களித்து வரும் என்று வாயில் துண்டை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். சலீம்தான் பேசினார். பேசுவதற்கென்றே ரயில் ஏறி வந்தவர் மாதிரி பேசினார்.

"கம்பவுண்டர் சார், எங்க பாய் பட்டைக் குழி மேஸ்திரி. பட்டைக் குழி மேஸ்திரின்னா உங்களுக்கு இன்னா வேலன்னு தெரியுமா?"

"எங்கப்பாவே ஆம்பூரு டேனரிதாங்க," என்றேன்.

"அப்ப நான் சொல்லவே வேணாம். தண்ணிய நாக்குல வச்சிதானே பாப்பாரு. ஒருநாளு குழி மாறிப் போச்சி. சுண்ணாம்புத் தண்ணிய வாயில ஊத்திக்கிட்டாரு. உள்ள பூரா வெந்து போச்சி."

பிள்ளைகளுக்கு இது விளங்க வேண்டும். ஆவாரம்பட்டையை ஊறப்போட்ட தண்ணீரில்தான் தோல் பதமாகும். பட்டைத் தண்ணீரில் சாரம் போதுமா, இன்னும் பட்டை கொட்ட வேண்டுமா என்பதை அந்தக் காலத்து மேஸ்திரிகள் நாக்கில் தொட்டுப் பார்த்துத்தான் சொல்வார்கள். நல்ல மேஸ்திரியின் நாக்குக்கு டேனரியே காத்திருக்கும். பக்கத்திலேயே முடி கழற்றுகிற சுண்ணாம்புக் குழிகளும் இருக்கும். சலீம் சொன்னது நடக்கக்கூடியதுதான் என்று தோல் ஊரில் பிறந்த எவனுக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. 'குழி மாறிச் சுண்ணாம்புத் தண்ணீர் குடித்ததால் உணவுக்குழாய் வெந்தது' என்று எழுதினேன். பெரிய டாக்டருக்குப் புரியும்படி பட்டைக் குழி, சுண்ணாம்புக் குழி எல்லாம் விளக்கி வேறு எழுதினேன். கபூர் பாய் ஏதோ சொல்லக் கையைத் தூக்கினார். "சிரமப்படாதீங்க பாய், உங்க மச்சான் எல்லாம் சொல்லிட்டாரு," என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

அந்த வாக்கியம் இன்றைக்கும் என் காதில் கேட்கிறது.

பெரிய டாக்டர் படித்தார். ஆளைத் தட்டிப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். என் வரியை நம்பினார். அவர் ஏன் நம்பக்கூடாது? அவர் மாணவராக இருந்தபோது வேறோர் ஊரில், காரம் குடித்து வெந்த குழாயை விரிக்கக் குச்சி விடப்போய், அது கிழிந்து நோயாளி இறந்துபோனதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். வெந்த குழாய்க்குள் எதையும் விடமாட்டேன் என்று அன்றைக்கே வைராக்கியம் எடுத்துக்கொண்டவர். ஆகவே வேறு வழி சொன்னார். வயிற்றில் ஒரு துளை போட்டு ரப்பர் குழாய் வைத்துவிடுவது. பாலும் கஞ்சியும் புனல் வைத்து அதில் ஊற்றிக்கொள்ள வேண்டியது. ஆயுசு பூராவும் அப்படித்தான். வியாழக்கிழமை காலை ஆபரேஷன் என்று சுவரில் இருந்த பலகையில் பேரும் எழுதியாயிற்று.

நான்தான் அதை உருதுவில் கபூர் பாய்க்குச் சொன்னேன். அவர் துண்டை வாயிலிருந்து எடுத்தார்.

"வயித்துலயே ஊத்திக்கினா அப்புறம் நாக்கு எதுக்கு?" என்று தமிழில் கேட்டார். "என் சோறே அந்த நாக்குலதான்."

மைமூன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உயிரோட இருந்தா போதும், ஒத்துக்கங்க," என்றாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டோம்.

நோயாளிக்கு நோன்பு கட்டாயம் இல்லை. ஆனாலும் அவர் நோன்பு வைத்திருந்தார். "பகல்ல எதுவும் எறங்கப் போறதில்ல. எறங்காததுக்கு நன்மையாவது கெடைக்கட்டும்," என்று சொல்லி வார்டையே சிரிக்க வைத்தார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உறவுக்காரர்கள் கொஞ்சம் தள்ளியிருந்த பள்ளிவாசலிலிருந்து நோன்புக் கஞ்சி கொண்டுவந்தார்கள். பாதி வழியில் குதிரைவண்டி அச்சு முறிந்து, நடந்து வந்து சேர்வதற்குள் கஞ்சி ஆறிவிட்டது. நன்றாகக் குழைந்த கஞ்சிதான். இரண்டு மடக்குக் குடித்தார், வெளியே வந்துவிட்டது. வெந்த குழாய் என்றால் அப்படித்தான் என்று நினைத்தேன்.

மறுநாள் புதன்கிழமை. விடிந்தால் ஆபரேஷன். சூரியன் சாய்கிற நேரத்துக்கு மைமூன் கஞ்சித் தூக்குப் பாத்திரத்தோடு மருந்தறை வாசலில் வந்து நின்றாள்.

"இன்னிக்கும் ஆறிப் போச்சி. கடைசியா வாயால குடிக்கிறாரு. கொஞ்சம் சூடு பண்ணித் தர்றீங்களா?"

மருந்தறை ஸ்டவ்வில் வைத்து நன்றாகக் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். கூடவே நானும் போனேன். நோன்பு திறக்கப் பாங்கு சொன்னதும் கபூர் பாய் எழுந்து நின்றார். நின்றுகொண்டே கஞ்சியை ஊதி ஊதி ஒரு மடக்குக் குடித்தார். மார்பை நிமிர்த்தி, மூச்சை இழுத்துப் பிடித்தார். இன்னொரு மடக்கு. மைமூன் வாந்தி பிடிக்கிற பேசனை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றாள். பேசனுக்கு வேலை வரவில்லை. முக்கால் கிண்ணம் உள்ளே போயிற்று.

"பாத்தீங்களா, துஆவோட பலன்," என்றார் சலீம். சந்தோஷத்தில் மண்பானையில் குளிர வைத்திருந்த ரோஜா சர்பத்தை ஒரு தம்ளர் ஊற்றிக் கொடுத்தார். கஞ்சியைவிடத் தண்ணீர் மாதிரி இருக்கிற சர்பத். கபூர் பாய் ஒரு வாய் விழுங்கினார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சர்பத் பேசனுக்குத்தான் வந்தது.

எனக்கு அது இடித்தது. வெந்து சுருங்கின குழாய்க்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். முதலில் ரொட்டி நிற்கும், பிறகு சோறு நிற்கும், பிறகு கஞ்சி நிற்கும், கடைசியில்தான் தண்ணீர் நிற்கும். ஓட்டை சின்னதாகச் சின்னதாக அந்த வரிசை மாறவே மாறாது. இங்கே கெட்டியான கஞ்சி இறங்குகிறது, தண்ணீரான சர்பத் இறங்கவில்லை. வெந்த சதைக்குச் சூடும் குளிரும் ஒன்றுதான். அதற்குச் சுருங்கத் தெரியும், அவ்வளவுதான். சூடு என்றால் இளகிக் குளிர் என்றால் இறுகிக்கொள்கிற ஒன்று அங்கே இருக்க வேண்டும்.

நோயாளி வந்த மூன்றாம் நாள், அப்போதுதான் முதல்முதலாக நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக் கேட்டேன்.

"பாய், சுண்ணாம்புத் தண்ணி என்னிக்குக் குடிச்சீங்க?"

"யாரு குடிச்சது?"

"குழி மாறிப் போச்சின்னு..."

"எனக்குக் குழி மாறுமா?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இருபத்திரண்டு வருஷமா அந்தக் குழிங்கள பாக்கறேன். கண்ணக் கட்டி உட்டாலும் எது எதுன்னு வாசனையில சொல்லுவேன்."

"நீங்க குடிக்கவே இல்லையா?"

"பட்டைத் தண்ணியவே குடிக்கமாட்டோமே. நாக்குல வச்சித் துப்பிடுவோம். உங்கப்பா டேனரின்னு சொன்ன, உனக்குத் தெரியாதா?"

தெரியும். அதுதான் எனக்கு வெட்கம். துப்புவார்கள் என்பது எனக்குத் தெரியும். சுண்ணாம்புத் தண்ணீர் என்றால் குழாய்க்கு முன்னால் உதடும் நாக்கும் வெந்திருக்க வேண்டும் என்பதும் தெரியும். என் அப்பாவின் கைவிரல்கள் எப்படி இருக்கும் என்று பார்த்து வளர்ந்தவன் நான். "நாக்க நீட்டுங்க பாய்," என்றேன். நீட்டினார். ஒரு தழும்பு இல்லை.

சலீம் பக்கம் திரும்பி, "நீங்க கூட இருந்து பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"நான் இன்னா அங்கயா நின்னேன்? தோல் மண்டி பூரா அப்படித்தான் சொல்றாங்க," என்றார்.

"மண்டி பூரா சேந்து எனக்குப் பதிலா முழுங்கப் போவுதா?" என்றார் கபூர் பாய்.

இன்னும் சில கேட்டேன். சில நாள் கறித்துண்டுகூட இறங்குகிறது, சில நாள் பச்சைத் தண்ணீர்கூட நிற்கிறது. மனசு பேஜாராக இருந்தால் ஜாஸ்தி, வெந்நீர் குடித்தால் கம்மி. எல்லாம் ஒரே பக்கம்தான் காட்டியது.

பிள்ளைகளே, இந்த இடத்தில் நான் உங்களிடம் ஒளிக்கப் போவதில்லை. வார்டு வாசலில் ஒரு கால் மணி நேரம் நின்றுகொண்டே இருந்தேன். போய்ச் சொன்னால் என் எழுத்து பொய் என்று ஆகிவிடும். இனிமேல் விசாரித்து எழுத என்னை அனுப்பமாட்டார். வேலைகூடப் போகலாம். வீட்டில் மூத்தவள் கைக்குழந்தை. சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆபரேஷன் நன்றாகவே நடக்கும், அவர் உயிரோடு ஊருக்குப் போவார், எல்லோரும் டாக்டரைக் கும்பிடுவார்கள். தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆனால் அந்த மனிதர் சாகும் வரை புனலில் ஊற்றிக்கொள்வார். அதை நினைத்தவுடன் கால் தானாக நடந்தது.

பெரிய டாக்டர் வீட்டு வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்த ஷீட்டை எழுதினது யாரு?"

"நான்தாங்க."

"யார் சொல்லி எழுதினே?"

"கூட வந்தவரு சொன்னாருங்க."

"நோயாளி என்ன சொன்னார்?"

"அவர நான் கேக்கலைங்க."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "காலையில நான் கத்தி எடுத்திருப்பேன்யா," என்றார். பிறகு ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

வார்டில் அவர் செய்தது எளிய காரியம். கபூர் பாயை உட்கார வைத்து, மார்பெலும்பு முடிகிற இடத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். பானைத் தண்ணீர் ஒரு மடக்குக் கொடுக்கச் சொன்னார். நம் எல்லோருக்கும் விழுங்கின ஏழெட்டு விநாடியில் கீழ் வாசல் திறந்து தண்ணீர் இறங்கும் சத்தம் அங்கே கேட்கும். நான் கடிகாரத்தைப் பார்த்து விநாடி எண்ணினேன். பத்து, இருபது, நாற்பது. டாக்டர் தலையை ஆட்டினார். சத்தம் இல்லை. தண்ணீர் திரும்பி வந்தது. கொஞ்சம் ஓய்வு கொடுத்து வெந்நீர். பதினெட்டு எண்ணும்போது அவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி என் காதில் மாட்டினார். நிரம்பின பாட்டிலைக் கவிழ்த்த மாதிரி ஒரு களகள சத்தம் நீளமாக ஓடியது.

"வாசல் இருக்கு. திறக்கத்தான் மறந்திருக்கு," என்றார் டாக்டர். "இது நரம்பு."

எனக்குச் சந்தோஷம். அவருக்கு இல்லை. என்னை ஜன்னல் பக்கம் கூப்பிட்டார்.

"நரம்பா இருந்தா ஒரு கனமான குழாயை உள்ள இறக்கினாப் போதும், வாசல் விரியும். வயித்துல கத்தியே வேண்டாம். ஆனா கொஞ்சம் வெந்ததும் கூட இருந்துச்சுன்னா அதே குழாய் கிழிச்சுடும். படம் எடுத்துப் பாக்க மெட்ராஸ் அனுப்பணும். இந்த உடம்பு அதுவரைக்கும் தாங்காது. என்ன செய்யலாம்?"

அவர் என்னைக் கேட்கிறாரா தன்னையே கேட்டுக்கொள்கிறாரா என்று தெரியவில்லை. "அவரையே கேக்கலாங்க," என்றேன். முதல் நாளே நான் செய்திருக்க வேண்டியது அதுதானே.

கட்டிலுக்கு வந்து டாக்டர் இரண்டு வழியையும் ஒளிக்காமல் சொன்னார். கபூர் பாய் கேட்டார், "ரெண்டுல எது ஆபத்து ஜாஸ்தி?"

"குழாய்தான். கம்பவுண்டர் இப்ப சொல்றது சரியா இருந்தா ஒண்ணும் ஆகாது. தப்பா இருந்தா பிழைக்க மாட்டீங்க."

கபூர் பாய் என்னைப் பார்த்தார். மைமூன் பார்த்தாள். சலீமும் பார்த்தார்.

"நீ இன்னா சொல்ற?" என்றார் கபூர் பாய்.

"மொதல்ல நான் எழுதினது தப்பு பாய். உங்கள கேக்காம, ஊர்ப் பேச்ச எழுதிட்டேன். இப்ப சொல்றது உங்க நாக்கப் பாத்து, என் காதால கேட்டுச் சொல்றது. இதுல எனக்குச் சந்தேகம் இல்ல."

அவர் யோசிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "நானும் நாக்குல வச்சிப் பாக்காம எந்தக் குழியப் பத்தியும் சொன்னது கெடையாது. பாத்துச் சொல்றவன் பேச்ச நம்பலாம். குழாயே உடுங்க," என்றார். மைமூன் சரி என்று தலையை அசைத்தாள்.

அலமாரியில் சீமையிலிருந்து வந்த முனை மூடின ரப்பர் குழாய் ஒன்று யாரும் தொடாமல் கிடந்தது. அதற்குள் பாதரசம் நிரப்ப வேண்டும். கனத்தில் அது தானே இறங்கும், யாரும் தள்ள வேண்டியதில்லை. மருந்தறையில் களிம்புக்கு வைத்திருந்த பாதரசத்தை நானே ஊற்றி, மேல் வாயைப் பட்டு நூலால் மூன்று கட்டுக் கட்டினேன். ஒரு சொட்டு உள்ளே கசிந்தால் என் தலையில்தான் விழும். அலமாரிக் கொக்கியில் தொங்கவிட்டுக் கீழே வெள்ளைக் காகிதம் விரித்து வைத்துவிட்டுப் போனேன். காலையில் வந்து பார்த்தால் காகிதத்தில் ஒரு மணி பாதரசம்கூட இல்லை.

வியாழக்கிழமை. கபூர் பாய் அன்றைக்கு நோன்பு வைக்கவில்லை. ஆபரேஷன் பலகையில் கபூர் பாய் பேரை அடித்துவிட்டு வரச் சொன்னார் டாக்டர். ஆபரேஷன் அறைக்குப் பதிலாக ஜன்னலோரம் ஒரு நாற்காலி. கபூர் பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். எண்ணெய் தடவின குழாயைத் தொண்டை வரைக்கும் டாக்டர் கொண்டுபோனார். "முழுங்குங்க," என்றார். அதற்கப்புறம் குழாயின் மேல்பகுதியை உயர்த்திப் பிடித்துக்கொண்டதைத் தவிர அவர் ஒன்றும் செய்யவில்லை. அந்தச் சும்மா இருத்தலைத்தான் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டும். குழாய் இறங்கி இறங்கிக் கீழ் வாசலில் நின்றது. கபூர் பாய் கண்ணில் தண்ணீர் ஓடியது. ஒரு அமுக்கு அமுக்கினால் போய்விடும் என்று பார்க்கிற எவனுக்கும் தோன்றும். எனக்குத் தோன்றியது. டாக்டர் கை அசையவில்லை.

"பொறுங்க பாய். மூச்ச மெதுவா உடுங்க," என்று உருதுவில் சொல்லிக்கொண்டே இருந்தேன். என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்னேன். எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பார்க்க மறந்துபோனேன். திடீரென்று குழாய் ஒரு சாண் கீழே நழுவியது. டாக்டர் விட்ட மூச்சுதான் எனக்கு முதலில் கேட்டது.

வெளியே எடுத்த குழாயில் இரத்தம் இல்லை.

அவர் பூரணமாகக் குணமாகிவிட்டார் என்று எழுதினால் அது இன்னொரு தப்பு வரி. செத்த நரம்பு பிழைக்காது. சில மாதத்துக்கு ஒரு தடவை வாசல் மறுபடி மறக்கும், அவரும் ஆம்பூரிலிருந்து ரயிலேறி வருவார். பிற்பாடு தானே குழாயை விழுங்கப் பழகிக்கொண்டார். பட்டைக் குழி மேஸ்திரியாகவே இருந்து வேலையை விட்டார். அந்த ஆஸ்பத்திரியில் விசாரணைத் தாளில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'சொன்னவர்' என்று ஒரு கட்டம் வந்தது அந்த வாரத்தில்தான். டாக்டர் போடச் சொன்னார். இதற்கென்ன அவசியம் என்று புதிதாக வந்த பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். அது என் தப்புக்குப் போட்ட கட்டம். அதில் எனக்கு வெட்கம் இல்லை. இப்போது பெருமைதான். நீங்கள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், கட்டம் இல்லாவிட்டாலும், ஓரத்தில் எழுதுங்கள். மச்சான் சொன்னார், மாமியார் சொன்னார், அவரே சொன்னார் என்று. நோயாளி கையைத் தூக்கினால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

குழாய் எடுத்து இரண்டு மணி நேரம் கழித்து, பச்சைத் தண்ணீரில் ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டர். மைமூன் பழக்கத்தில் பேசனை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். கபூர் பாய் செம்பை வாங்கினார். நிற்கவில்லை, உட்கார்ந்தபடியே ஒரு மடக்குக் குடித்தார். எல்லோரும் அவர் நெஞ்சையே பார்த்தோம். அவர் எங்களைப் பார்த்தார். மறுபடி செம்பைத் தூக்கி, வைக்காமல் முழுதும் குடித்தார்.

"எறங்கிச்சா?" என்றார் சலீம்.

"இன்னொரு செம்பு கொண்டா," என்றார் கபூர் பாய்.

சாயங்காலம் நோன்பு திறக்கிற நேரத்தில் குழைந்த சோற்றில் கறிக்குழம்பு ஊற்றிப் பிசைந்து கொடுத்தாள் மைமூன். அவர் மெதுவாகச் சாப்பிட்டார். பாதியில் நிறுத்தி, "நீ சாப்ட்டியா?" என்று கேட்டார். அவர் எதிரில் சாப்பிட மனசு வராமல் அந்த இரண்டு வருஷமாக அவள் சமையலறையில் மறைந்து நின்று இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டவள் என்று பிறகு சலீம் சொன்னார். பேசனைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அதே தட்டுக்கு எதிரே உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒரே தட்டில் கை வைத்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இரவு பெரிய டாக்டர் வந்து தாளைக் கையில் கொடுத்தார். என் பழைய வரி அப்படியே இருந்தது. "அழிக்காதே. ஒரு கோடு போட்டு அடி. பக்கத்துல உன் கையெழுத்தைப் போடு. கீழே இன்னைக்கு நடந்ததை எழுது," என்றார்.

அடித்தேன். கையெழுத்துப் போட்டேன். கீழே இப்படி எழுதினேன்: 'இரண்டு செம்பு பச்சைத் தண்ணீர், ஒரு தட்டுச் சோறு, கறிக்குழம்பு. ஒன்றும் திரும்பவில்லை.' புதிதாக வரைந்த 'சொன்னவர்' கட்டத்துக்கு நேராக வந்தபோது பென்சிலைக் கொஞ்சம் கூர் தீட்டிக்கொண்டு எழுதினேன்: 'நானே பார்த்தேன்.'